பின்சக்கரம் பேசிய குரல்கள்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இடம் ஒன்று வருகிறது, சத்தியமாக வருகிறது, ஆனால் அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், அதனால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் துருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கமெல்லாம் உப்பளமுமாகக் கிடக்கிற ஒற்றைத் தெருதான் கரிப்புமுனை. அங்கே வாயைத் திறந்தபடி நடந்தால் காற்றே நாக்கில் கரிக்கும். கதவுக் கொண்டி துருப்பிடிக்கும், கிணற்று உருளை துருப்பிடிக்கும், சுடலைமாடன் கையிலிருக்கிற வல்லயம் என்கிற ஈட்டியே துருப்பிடித்து ஒவ்வொரு கோயில் கொடைக்கும் சாமிக்குப் புதுசு அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே துருவைக் கண்டு அந்த ஊரில் யாரும் பயந்ததில்லை. மழை ஓய்ந்ததும் எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பரமார்த்தத்தின் சைக்கிள் கடைக்கு, பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுகிற ஓவராயிலுக்கு வருவார்கள். பரமார்த்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் தன் கையால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும், அது எந்த இடத்தில் முனகுகிறது என்று அவர் காதைச் சாய்த்துக் கேட்பார், கேட்டு முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். டாக்டர்மார் நெஞ்சில் குழல் வைக்கிற மாதிரி என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் உப்பள மேஸ்திரி தவசி அண்ணாச்சியின் சைக்கிளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் புதைத்துவிட்டது. மழைக்காலம் முழுக்க அது உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்து, வெயில் வந்ததும் ஒரு கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. தோண்டி எடுத்தபோது முன்சக்கரத்தைக் காணோம். பின்சக்கரம் இருந்தது, ஆனால் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே. கம்பிகள் பனங்கிழங்கு மாதிரி தடித்துப்போயிருந்தன, நட்டு எது அச்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ரிம்மை விரலால் தட்டினால் துரு அப்பளம் போல உதிர்ந்தது. பரமார்த்தம் அதை ஸ்டாண்டில் மாட்டினார். தவசி அண்ணாச்சி வழக்கப்படி ஒரு சுற்று சுற்றிவிட்டார். சக்கரம் முதல் சுற்றில் கிரீச்சென்றது, இரண்டாவது சுற்றில் முனகியது, மூன்றாவது சுற்றில் தவசி அண்ணாச்சியின் குரலிலேயே, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி, நிழலில் நிற்கிறவன் காலை முறித்துவிடுவேன், உப்பை அள்ளுங்கலே என்று அதட்டியது.

கடையில் நின்ற யாரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. மாரியைப் பார்த்தார்கள்.

மாரி, முழுப்பெயர் சந்தனமாரி, பரமார்த்தத்தின் மகள், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற தன் அம்மா சீனியம்மாளின் குரலில் பால்காரனைத் திருப்பி அனுப்புவாள், பால்காரனின் குரலில் அம்மாவை வாசலுக்கு அழைப்பாள், இருவரும் முகத்தோடு முகம் முட்டி நிற்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று கடவாயில் தாவணியைத் திணித்துக்கொண்டு குலுங்குவாள். அவள் காரணமாக இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்திருக்கிறது, ஒன்று கூடியிருக்கிறது. ஆகவே சக்கரம் பேசியதும் பரமார்த்தம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். பாவம், அவள் அப்போது வாய் நிறைய அவித்த கடலையை வைத்திருந்தாள்.

மறுநாள் காலை தவசி அண்ணாச்சி உப்பளத்தில் நின்று வாயைத் திறந்தார். கிரீச் என்றது. தொண்டையைச் செருமினார், செருமலும் கிரீச் என்றது. துப்பிய எச்சிலில் செம்மண் நிறத்தில் பொடி கிடந்தது.

அதற்குப் பிறகு யாரும் மாரியைக் குட்டவில்லை.

இரண்டாவதாக டீக்கடை ஞானதுரையின் குரல் போயிற்று. அவர் சக்கரத்தைத் தொடக்கூட இல்லை, எதிர்த்த கடையில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார், கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று அடித்தது, சக்கரம் தானாக அசைந்து, ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட்டு, வடை சூடா இருக்கு என்று அவருடைய கீச்சுக் குரலில் ராகம் போட்டது. அவர் அப்போதே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவதாக மீன்காரி மிக்கேலம்மாள். அவள் பயப்படுகிற ஆள் இல்லை, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் நின்று சக்கரத்தை அதன் அச்சு முதல் கம்பி வரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏசினாள். சக்கரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் ஏசியதை அவள் குரலிலேயே, ஒரு வசவு கூடக் குறையாமல், அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. நான்காவதாகப் பரமார்த்தம். சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டப் போனவரைப் பார்த்து அது, பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம் என்று அவருடைய கரகரப்பில் சொன்னது. மறுநாள் அவர் பேசவில்லை.

கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள். கடல் காலையில் அதைக் கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தது. புதைத்தார்கள், நாய் கிளறவில்லை, யாரும் தோண்டவில்லை, இருந்தாலும் அது ஸ்டாண்டில் இருந்தது. பிறகு ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது.

எப்படி என்று கேளுங்கள். சக்கரம் காதில் விழுந்த குரலைத்தான் பிடிக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, கடையைத் தாண்டுகிறவர்கள் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு மூக்குக் குரலில் பேசினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு லைட் போடுவதாக வாக்குக் கொடுத்தார். அழுகிற பிள்ளைகளை முந்தானைக்குள் பொத்தி அந்த இடத்தைக் கடந்தார்கள். குரல் போன நாலு பேரையும் யாரும் ஒதுக்கவில்லை, சுகமில்லாதவர்கள் என்றும் சொல்லவில்லை, துருக்காரர்கள் என்று சொன்னார்கள், பந்தியில் அவர்களுக்கு முதல் வரிசை கொடுத்தார்கள்.

அவர்களுடைய குரல்கள் எல்லாம் எங்கே போயின என்றால், வேறு எங்கே, மாரியிடம்தான் இருந்தன.

முதலில் அப்பாவுக்காகத்தான் ஆரம்பித்தாள். பரமார்த்தம் கையை அசைப்பார், அவள் பின்னால் நின்று அவர் குரலில் பேசுவாள், வந்தவர் பரமார்த்தத்தின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லுவார். அதைப் பார்த்துத் தவசி அண்ணாச்சி அவளைக் காலையில் உப்பளத்துக்குக் கூட்டிப்போனார், அவர் கண்ணை உருட்டுவார், அவள் அதட்டுவாள். பத்து மணிக்கு ஞானதுரை கடையில் ராகம் போடுவாள். மத்தியானம் மிக்கேலம்மாளுக்குப் பின்னாலே கூடையைப் பிடித்துக்கொண்டு போய், விலை குறைத்துக் கேட்கிறவர்களை ஏசிவிட்டு வருவாள், அந்த ஏச்சு இல்லாமல் மீனில் ருசி இல்லை என்று வாங்குகிறவர்களே சொன்னார்கள். சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட மிக்கேலம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கிழவி கையால் காட்டிய பாவங்களைச் சொல்லிவிட்டு மாரி தன் பங்குக்கு, பக்கத்து வீட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைத்ததாக ஒன்றைச் சேர்த்துவிட்டாள், சாமியார் கூடுதலாக ஜெபம் சொல்லச் சொன்னார், மிக்கேலம்மாள் அவள் காதைத் திருகியபடியே மண்டிபோட்டு அதையும் சொல்லி முடித்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இது இல்லை நான் சொன்ன இடம்.

ஏனென்றால் பகலெல்லாம் இப்படிக் கொட்டமடித்த மாரி, பொழுது சாய்ந்து கொண்டல் எழும்பினால் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். கட்டிய கயிறு நைந்துகொண்டே இருந்தது. உப்புக் காற்றில் நைலான் கயிறும் நார்நாராகப் பிரியும், புதுக் கயிறு கட்டுவார்கள், அதுவும் பிரியும், சக்கரம் ஒரு விரற்கடை அசையும், அசைந்ததும் தெருவில் பேச்சு நின்றுவிடும், அடுப்பில் தாளிக்கிற சத்தம்கூட நின்றுவிடும், எல்லாரும் அடுத்தது யார் குரல் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். மாரியும் நின்றாள். ஆனால் மற்றவர்களுக்குத் தங்கள் குரல் வந்தால் அடையாளம் தெரியும். தன் குரல் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் உலை கொதிக்கிற நேரத்தில் அம்மாவிடம் இதைச் சொன்னாள். சீனியம்மாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"உன் சொந்தக் குரல்ல என்னை ஒரு தடவை கூப்புடுட்டி, பாப்போம்."

மாரி அம்மா என்றாள். அது சீனியம்மாள் தன் அம்மாவைக் கூப்பிடுகிற குரல். இல்லை என்று தலையை உலுக்கிவிட்டு மறுபடியும் அம்மா என்றாள், அதில் மிக்கேலம்மாள் இருந்தாள். மூன்றாவது தடவை தவசி அண்ணாச்சி. நான்காவது தடவை அவள் வாயைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. சீனியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் இருந்த அகப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உலையிலேயே போட்டாள்.

"எதுல கூப்புட்டாலும் நீ என் மவதாம்ட்டி. ஆனா அந்தக் கடைப்பக்கம் இனிமே போவாத. உன் ஒரு தொண்டையிலதான் நாலு பேரு பொழப்பு ஓடுது. அது போச்சுன்னா உங்க அப்பா ரெண்டாந்தடவை ஊமையாவாரு."

அன்றைக்குத்தான் மாரிக்கு உண்மையான பயம் வந்தது. அப்பாவின் பாத்துக்கிடலாம் இனி உலகத்தில் அவள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அவள் தொண்டையில் துரு ஏறினால் அதைச் சொல்ல ஆளே இல்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டதோடு கழுத்தையும் துணியால் சுற்றிக்கொண்டாள்.

ஊர் கூடிப் பேசியது, மூக்கைப் பிடிக்காமல், கடைக்கு வெகுதூரத்தில், உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் நின்று பேசியது. துருதான் பேசுகிறது, துருவை எடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும், சக்கரத்தைப் பிரித்து ஓவராயில் பண்ணியே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. பிரிக்க வேண்டும் என்றால் சுற்ற வேண்டும், சுற்றினால் பேசும், பேசினால் யாருக்கோ குரல் போகும். அப்படியென்றால் இழக்கக் குரல் இல்லாதவர்கள்தான் கிட்டே போகலாம். நாலு துருக்காரர்களும் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் கிட்டங்கிப் பக்கமே, வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மாரி வரவே கூடாது.

விடிந்ததும் வேலை தொடங்கியது. ஆனால் தெருவுக்குப் பொறுக்குமா. உள்ளே என்ன நடக்கிறது, நட்டு கழன்றதா, கம்பி ஒடிந்ததா, பேசிற்றா, என்று தெரியாமல் ஒவ்வொருவராகக் கிட்டங்கியிலிருந்து நகர்ந்து நகர்ந்து எதிர்வாசல் வரை வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே மாரியும் வந்து, அவர்களுக்கு முன்னாலும் வந்து, கடைப்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். பரமார்த்தம் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் விரித்து, போ, அந்தப் பக்கம் போ, உடனே போ என்று கோழியை விரட்டுகிற மாதிரி வீசினார். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. எதிர்வாசலில் நின்ற ஜனம் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டது. மாரி கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டு, அப்பாவின் கரகரப்பில், அப்பாவின் நிதானத்தில் சொன்னாள்.

"மவ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குக் கையி ஓடும். அவ இருக்கட்டும்."

ஜனம் தலையாட்டியது. பரமார்த்தம் வாயைத் திறந்து கிரீச் கிரீச் என்று கத்தினார், ஸ்பேனரால் ஸ்டாண்டை அடித்தார். மாரி அதையும் மொழிபெயர்த்தாள். துரு தேய்க்கப் புளி பத்தாதாம், இன்னும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரச் சொல்கிறார் என்றாள். இரண்டு வீட்டிலிருந்து புளித்தண்ணீர் வந்தது.

பிறகு அவரும் விட்டுவிட்டார், பாதி கழன்ற நட்டை விட்டுவிட்டு மகளைத் துரத்திக்கொண்டு ஓட முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, நட்டைச் சுற்றி விளக்குத் திரியால் சூடு காட்டி, தவசி அண்ணாச்சி ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, ஞானதுரை இடுக்கியால் கவ்விக்கொள்ள, ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி அச்சைக் கழற்றினார். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் இல்லை. சிவப்பாக, ஈரமாக, நாக்கு மாதிரி ஒன்று படிந்திருந்தது, விரலால் வழித்ததும் வெறும் துருச்சேறாகிவிட்டது. உள்ளே உருளுகிற இரும்புக் குண்டுகள் ஒவ்வொன்றும் அம்மைத்தழும்பு விழுந்த முகமாக இருந்தன. அவற்றைக் கொட்டிவிட்டுப் புதுக் குண்டு போட்டார், குண்டுகளை அணைத்துப் பிடிக்கிற கோனை மாற்றினார், துருத் தின்ற கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் புதுக் கம்பி கோத்தார், ரிம்மை மிக்கேலம்மாள் புளியும் செங்கல் பொடியும் வைத்துச் செம்புப் பானை விளக்குகிற வேகத்தில் தேய்த்தாள். எடுக்க எடுக்கத் துரு தரையில் குவிந்தது, குவிந்த துரு காற்று இல்லாமலே மெல்ல ஊர்ந்து படிப்பக்கம் வந்தது, மாரி காலைத் தூக்கி ஒரு படி கீழே வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ சாமி பெயரை மூக்கால் முணுமுணுத்தார்கள்.

சாயங்காலம் சக்கரம் புதுப் பானை மாதிரி மின்னியது. சக்கரம் நேராக ஓடுகிறதா என்று கோட்டம் பார்க்க வேண்டும், கோட்டம் பார்க்கச் சுற்ற வேண்டும். பரமார்த்தம் மாரியைப் பார்த்தார், அவள் அசையவில்லை, பயத்தில் அவளால் அசைய முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிட்டார்.

சத்தமே இல்லை. தண்ணீரில் மீன் திரும்புவது போலச் சுற்றியது. தெருவே மூச்சை விடப்போன நேரத்தில் அது பேசிற்று. உப்பை அள்ளுங்கலே என்றது, தவசி அண்ணாச்சியின் குரல். ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட்டு என்றது, ஞானதுரை. ஏசியது, மிக்கேலம்மாள். கடைசியாக, வேகம் குறைந்து நிற்கிற நேரத்தில், பாத்துக்கிடலாம் என்றது.

நின்றுவிட்டது.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு தலைவருக்கு விளங்கிற்று, அவர் மூக்கிலிருந்து விரலை எடுத்தார். புதுக் குரல் ஒன்று கூட இல்லையே, போன குரல்கள்தானே வந்தன, துருவை எடுத்ததும் தின்றதைக் கக்கிவிட்டது, நாளைக் காலையில் நாலு பேருக்கும் குரல் திரும்பிவிடும் என்றார். அப்படியா என்று கேட்டவர்கள் அப்படித்தான் என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். தவசி அண்ணாச்சி அழுதார். சில்லுக்கருப்பட்டி வந்தது, கொட்டு வந்தது, மிக்கேலம்மாள் துணி சுற்றிய மாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். மாரி அங்கேயே நின்று எல்லாருடைய குரலிலும் எல்லாரையும் வாழ்த்தினாள், தான் தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அடையாளம் தெரியாத குரல் ஒன்று சக்கரத்தில் வந்துவிடுமோ என்றுதானே அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் வரவில்லையே.

காலையில் தெரு முழுக்க ஞானதுரை கடை வாசலில் நின்றது. தவசி அண்ணாச்சிக்கு முதல் மரியாதை, அவர் தொண்டையைச் செருமி, மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்தார். கிரீச். ஞானதுரை முயன்றார், கிரீச். மிக்கேலம்மாள் முயற்சி பண்ணவே இல்லை, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தலைவர் தரையைப் பார்த்தார். யாரும் யாரையும் பார்க்காமல் நின்ற அந்த நேரத்தில், எப்போதும் போல எல்லாரும் மாரியைத் திரும்பிப் பார்த்தார்கள், அவளும் எழவு வீடு மாதிரி இருக்கிற இந்த இடத்தில் எதையாவது செய்ய வேண்டும் என்று ஞானதுரைக்குப் பின்னால் போய் நின்று, அவர் தோளுக்கு மேல் தலையை நீட்டி, ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட்டு என்று ராகம் போட வாயைத் திறந்தாள்.

கிரீச்.

இதுதான் அந்த இடம். தெரு ஒரு கணம் திகைத்தது, பிறகு வெடித்துச் சிரித்தது. அந்தச் சக்கரத்தையே செய்துகாட்டிவிட்டாளே என்று ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டு, டம்ளர் டீ சிந்த, எத்தனையோ மாதமாக மூக்கில் அடைத்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வர, பிள்ளைகள் மண்ணில் புரள, தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொருக்கா செய்யிட்டி என்று கேட்டார்கள். மாரி கும்பிட்டுவிட்டு மிக்கேலம்மாளின் ஏச்சை எடுத்தாள், கிரீச் என்றது, சிரிப்பு இரட்டித்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரித்தாள், அந்தச் சிரிப்பும் கிரீச் கிரீச்சென்று வந்தது, தெருவால் தாங்க முடியவில்லை.

பரமார்த்தம் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார், மண்ணெண்ணெய் மணக்கிற கையை மகளின் தொண்டையில் வைத்தார், வைத்தபடியே அவள் கண்ணைப் பார்த்தார். அப்பாவுக்காகப் பேச வேண்டும் என்கிற பழக்கத்தில் மாரி பாத்துக்கிடலாம் என்று சொல்லப் போனாள். நாக்கில் கரிப்பாக ஏதோ தட்டுப்பட்டது, விரலால் எடுத்துப் பார்த்தாள், செம்மண் நிறத்தில் பொடி. அவள் தவசி அண்ணாச்சியைப் பார்த்தாள், ஞானதுரையைப் பார்த்தாள், மிக்கேலம்மாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இந்த நாலு தொண்டையிலும் இந்தக் குரல்கள் இருந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள், இத்தனை நாளும் அவை யாரிடம் இருந்தன என்று நினைத்தாள், சுற்றிலும் ஊர் சிரித்துக்கொண்டிருக்க, நேற்றுச் சக்கரம் பேசியது முழுக்க முழுக்க யாருடைய குரல் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.